வேலூரில் முதல் குறும்படம் எடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கேமராவைத் தொடுங்கள்

எங்கள் குறும்படம் ஏழு நிமிடம் ஓடும். அதை எடுத்து முடிக்க நான்கு மாதமும் 14,000 ரூபாயும் ஆனது. அதில் 3,700 ரூபாய் ஒரே ஒரு டியூப்லைட்டால் போனது. அந்தக் கதை கீழே வருகிறது.

நான் படித்தது வணிகவியல். சென்னை தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரி இருப்பது தெரியும். ஆனால் ஒரு பட்டம் முடித்துவிட்டு இன்னொரு பட்டத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கல்லூரிக் கடைசி வருடத்தில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, வேலூர் கொசப்பேட்டையில் ஒரு தையல் கடையை மையமாக வைத்துப் படம் எடுத்தோம். அப்பாவின் பழைய பேண்ட்டைத் தன் அளவுக்குப் பிடித்துத் தரச் சொல்லி, மறுநாள் இன்டர்வியூவுக்குப் போகும் பையன் ஒருவன் தையல்காரரிடம் வருகிறான். அவ்வளவுதான் கதை. கேமராவும் தெரியாது, எடிட்டிங்கும் தெரியாது. படத்தை எடுத்துத்தான் இரண்டையும் கற்றுக்கொண்டோம்.

இந்தக் கட்டுரையின் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். எல்லோரும் கேமராவில் தொடங்கச் சொல்வார்கள். நான் எடிட்டிங்கில் தொடங்கச் சொல்கிறேன். ஷூட்டிங் அன்று பார்த்தால் எல்லா ஷாட்டும் நன்றாகத்தான் இருக்கும். எந்த ஷாட் எடுக்கவில்லை என்பது வெட்டி ஒட்ட உட்காரும்போதுதான் தெரியும். அதற்குள் வாடகைக் கேமரா கடைக்குத் திரும்பியிருக்கும்.

1. முதல் வாரம் வீட்டில் டீ போடுவதை எடுங்கள்

கையில் இருக்கிற போன் போதும். வீட்டில் யாராவது டீ போடுவதை வசனமில்லாமல், பத்து ஷாட்டில், ஒரு நிமிடப் படமாக எடுங்கள். போன் படுக்கைவாட்டில் இருக்கட்டும். எவர்சில்வர் டப்பாவில் சாய்த்து வையுங்கள், கையில் பிடிக்க வேண்டாம். ஜூம் வேண்டவே வேண்டாம். அன்று இரவே எடிட் செய்துவிடுங்கள். இந்த 'அன்று இரவே' முக்கியம். இரண்டு நாள் போனால் எதை எங்கே நின்று எடுத்தோம் என்பதே மறந்துவிடும்.

எடிட் செய்யும்போது மூன்று இடத்தில் மாட்டுவீர்கள். ஷாட்டெல்லாம் குட்டையாக இருக்கும். பால் பொங்கத் தொடங்கிய பிறகு ரெக்கார்டை அழுத்தியிருப்பீர்கள், இறக்கி வைக்கும் முன்பே நிறுத்தியிருப்பீர்கள். அதனால் ஒவ்வொரு ஷாட்டிலும் முன்னால் ஐந்து விநாடி, பின்னால் ஐந்து விநாடி சும்மா ஓடவிடுங்கள். அடுத்து, ஒரே அளவில் எடுத்த இரண்டு ஷாட்டைப் பக்கத்தில் வைத்தால் படம் எகிறிக் குதிக்கும். வைடு (தள்ளி நின்று எல்லாம் தெரிய) எடுத்தால் அடுத்தது க்ளோஸுக்கு (நெருக்கத்துக்கு) போங்கள், கேமரா நிற்கும் இடத்தையும் குறைந்தது 30 டிகிரி தள்ளுங்கள். மூன்றாவது, டம்ளர் ஒரு ஷாட்டில் இடது கையிலும் அடுத்த ஷாட்டில் வலது கையிலும் இருக்கும். சினிமாக்காரர்கள் கன்டின்யூட்டி, கன்டின்யூட்டி என்று உயிரை விடுவது இதற்குத்தான்.

அசைவின் நடுவில் வெட்டினால் வெட்டு கண்ணில் படாது. கை டம்ளரைத் தூக்கும்போது பாதியில் வெட்டி, மீதித் தூக்கலை க்ளோஸில் காட்டிப் பாருங்கள். அப்படி வெட்ட வேண்டும் என்றால் இரண்டு ஷாட்டிலும் முழுத் தூக்கலும் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கேமராவில் பாதி கற்ற மாதிரி.

மூன்று தடவையாவது செய்யுங்கள். மூன்றாவது நாள் எங்கள் அம்மா, "இன்னொரு தரம் டீ போடச் சொன்னா கரண்டியாலயே போடுவேன்" என்றார். பக்கத்து வீட்டில் பூக்கட்டும் அக்காவிடம் போய்விட்டேன். பூக்கட்டுவது டீயைவிட நல்ல பயிற்சி. கை நிற்காது, எங்கே வெட்டுவது என்று தவிக்க வைக்கும்.

2. எடிட்டிங் மென்பொருள்: காசு கொடுக்காதீர்கள்

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு மாணவப் படத்துக்குத் தாராளம். முடித்த படம் 4கே தரம் வரை ஏற்றுமதி ஆகும், அதாவது தனி வீடியோ கோப்பாக வெளியே வரும். காசு கட்டினால் மட்டும் கிடைக்கும் எஃபெக்ட்டைத் தொட்டால்தான் வாட்டர்மார்க் வரும், அதைத் தொடாமல் இருந்தால் சரி. கணினியில் 16 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. 8 ஜிபி லேப்டாப் என்றால் கேடென்லைவ் அல்லது ஷாட்கட் போடுங்கள், இரண்டும் இலவசம். கல்லூரி ஆய்வகத்தில் லினக்ஸ் என்றால் ஒரு எச்சரிக்கை: அங்கே ரிசால்வின் இலவசப் பதிப்பு போனில் எடுத்த எம்பி4 கோப்புகளைத் திறக்காது. அங்கேயும் கேடென்லைவே நல்லது.

கிராக் செய்த மென்பொருளை யாராவது பென்டிரைவில் கொண்டுவந்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள். இலவசமாகவே நல்லது கிடைக்கும்போது வைரஸை எதற்கு வீட்டுக்குக் கூப்பிட வேண்டும்?

எங்களில் ஒருவன், ஒரே மாதத்தில் எடிட்டர் ஆக்குகிறோம் என்ற விளம்பரத்தை நம்பி 6,000 ரூபாய் முன்பணம் கட்டினான் (மேலே சொன்ன 14,000-இல் இது சேராது). எழுத்து பறந்து வருவதையும் பக்கம் புரள்கிற டிரான்சிஷனையும் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் படத்தில் அந்த இரண்டும் ஒரு இடத்தில்கூட இல்லை.

ரிசால்வில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக புராஜெக்ட் அமைப்பில் ஃபிரேம் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதை, 25 என்று மாற்றுங்கள். காட்சிகளை உள்ளே இழுத்த பிறகு அது பூட்டிக்கொள்ளும், மாற்ற முடியாது. நாங்கள் கவனிக்காமல் 24-இல் தொடங்கினோம். நான்கு நாள் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தோம்.

போனில் எடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. போனின் சொந்தக் கேமரா ஆப் ஃபிரேம் ரேட்டை நிலையாக வைக்காது, வெளிச்சத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும். எடிட்டில் போகப் போக உதடும் குரலும் பிரியும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப்பில் எடுத்தால் நீங்கள் வைத்த ரேட்டைப் பிடித்துக்கொள்ளும். ஐபோனிலும், குறிப்பிட்ட சில ஆண்ட்ராய்டு போன்களிலும் ஓடும். ஏற்கெனவே எடுத்துவிட்டால், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட்டுக்குக் கொண்டு போங்கள்.

லேப்டாப் திணறினால் பிராக்ஸி போடுங்கள். காட்சிகளின் சின்ன நகலை வைத்து வெட்டிவிட்டு, ஏற்றுமதியின்போது அசலுக்கு மாறுவதுதான் பிராக்ஸி. இரவு படுக்கும் முன் ஓடவிட்டால் காலையில் தயாராக இருக்கும்.

3. கதை: கையில் இருப்பதை வைத்து எழுதுங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஒரு இடம், இரண்டு ஆள், பகல் நேரம். திரைக்கதையில் ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிடம். ஐந்து பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். மழை, கூட்டம், ஓடுகிற வண்டிக்குள் பேச்சு, இரவுத் தெரு, குழந்தை, நாய் எல்லாம் இரண்டாவது படத்துக்கு இருக்கட்டும்.

4. காகிதங்கள், அனுமதிகள்

வேலூர்ப் பையன்கள் எடுக்கும் படத்தில் கோட்டை வந்தே தீர வேண்டும் என்று ஏதோ சட்டம் இருப்பதுபோல எல்லோரும் அங்கேதான் போவார்கள். நாங்களும் போனோம். கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுற்றிப் பார்க்க வந்தவர்போலப் போனில் படம் பிடித்துக்கொள்ளலாம். ட்ரைபாடை விரித்தால் காவலாளி வந்துவிடுவார். படப்பிடிப்புக்கு உரிமம் வேண்டும், விண்ணப்பம் டெல்லி வரை போகும், நாள் கணக்கில் கட்டணம், வைப்புத்தொகை வேறு. நம் பட்ஜெட்டுக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம். காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரமும் இதே கதைதான், ரயில்வேயிடம் எழுத்து அனுமதி இல்லாமல் முடியாது. மருத்துவமனை வளாகம், அதைச் சுற்றியுள்ள லாட்ஜுகள் பக்கம் கேமராவையே எடுக்காதீர்கள். அனுமதியைவிடப் பெரிய காரணம் உண்டு. அங்கே நடமாடுகிறவர்கள் நோயோடு எங்கிருந்தோ வந்தவர்கள், அவர்கள் முகம் உங்கள் படத்துக்குப் பின்னணி ஆகக் கூடாது.

தனியார் கடையோ வீடோதான் நமக்கு வழி. அதற்கும் காகிதம் வேண்டும். நாங்கள் வைத்திருந்தவை இவை:

கல்லூரியிலிருந்து போனஃபைடு சான்றிதழும், 'மாணவர் குறும்படம், வணிக நோக்கம் இல்லை' என்று துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதமும். கடிதம் கைக்கு வர ஒன்பது நாள் ஆனது. ஒரு நாள் தலைவர் விடுப்பு, ஒரு நாள் சீல் விடுப்பு. இரண்டு வாரம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள், மூன்று அசல் பிரதி வாங்குங்கள்.

கடைக்காரரிடம் ஒப்புதல் கடிதம். தேதி, நேரம், எவ்வளவு தொகை, ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு, கடைப் பெயர்ப் பலகை படத்தில் தெரியலாமா என்று ஐந்து வரி போதும். வாய்வார்த்தையாகப் பேசி, அன்று காலை கடைக்காரரின் அண்ணன் வந்து ஷட்டரை இறக்கிய கதை வேறொரு குழுவுக்கு நடந்தது.

நடிப்பவர்களிடம் தனித்தனியாகக் கையெழுத்து: 'இந்தப் படத்தில் நடிக்கிறேன், எங்கு வேண்டுமானாலும் திரையிடலாம்.' நண்பன்தானே என்று விடாதீர்கள். நண்பர்களுக்குள்தான் பிறகு சண்டை வரும். 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். குழந்தைகளை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், இடைவெளி இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேலும் நடிக்க வைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது.

தெருவில் இரண்டு ஷாட் எங்களுக்கு வேண்டியிருந்தது. அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் கல்லூரிக் கடிதத்தோடு ஒரு விண்ணப்பம் கொடுத்து, எங்கள் பிரதியில் சீல் வாங்கிக்கொண்டோம். அந்த சீல் இருந்ததால்தான், பீட் போலீஸ்காரர் வந்து கேட்டபோது இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆற்காட்டில் எடுத்தால் ராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூரில் எடுத்தால் திருப்பத்தூர் மாவட்டம். வேலூர் ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று பயனில்லை.

5. தேதி: நாட்காட்டியைக் கிழிக்கும் முன் பின்பக்கமும் பாருங்கள்

எங்களுக்கு யாருமே சொல்லாத விஷயம் இது. வேலூரில் கேமரா வாடகைக்குக் கொடுப்பவர்களில் பலர் கல்யாணப் போட்டோகிராபர்கள்தான். முகூர்த்த நாளில் ஒரு கேமராகூடக் கிடைக்காது. ஆடியும் மார்கழியும் நமக்கு அதிர்ஷ்ட மாதங்கள். கேமரா சும்மா கிடக்கும், விலையும் பேசலாம்.

கடைக்காரருக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. நாங்கள் ஐப்பசியில் போய்க் கேட்டபோது தையல்கடை பாய் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சொன்னார்: "இன்னா தம்பி, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கச் சொல்லோ வந்து கடையக் கேக்குற?" தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், ரம்ஜான், ஜூனில் பள்ளிச் சீருடை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் தையல்காரருக்கு மூச்சுவிடக் கிடைப்பது கொஞ்ச நாள்தான். கடைசியில் கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், மார்கழியில், இரண்டு நாள் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்மாவுக்குக் கடை மூட வேண்டும் என்றார். நாளுக்கு 1,000 ரூபாய் கொடுத்தோம். முதலில் வாங்க மறுத்தார். வாங்க வையுங்கள். அவர் தைக்காத துணிக்கு நாம்தான் காரணம்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் தேதி என்று நாளிதழில் பாருங்கள். காலை முதல் மாலை வரை கரண்ட் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, மதியம் போன் சூடாகித் தானாகவே அணைந்துவிடும்.

6. கேமரா வாடகை எடுக்கும்போது

சாதாரண மிரர்லெஸ் கேமரா, கூடவே வரும் லென்ஸ், நாளுக்கு 1,400 ரூபாய். எல்இடி விளக்கும் ஸ்டாண்டும் ட்ரைபாடும் சேர்த்து 600. சென்னையில் சாலிகிராமம், வடபழனிப் பக்கம் வகைவகையாகக் கிடைக்கும்தான். ஆனால் போய் எடுக்க ஒரு நாள், திருப்பிக் கொடுக்க ஒரு நாள் என்றால் கணக்கு கட்டுப்படியாகாது.

அசல் ஆதாரையோ பைக்கின் ஆர்.சி. புத்தகத்தையோ அடமானம்போல வாங்கி வைக்கும் கடைகள் உண்டு. கொடுக்காதீர்கள். முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி, நகலின் குறுக்கே 'கேமரா வாடகைக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். கடை வாசலிலேயே கேமராவைச் சுற்றிலும், லென்ஸ் கண்ணாடியையும், போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் திருப்பிக் கொடுக்கும்போது, ஏற்கெனவே இருந்த கீறலுக்கு 800 ரூபாய் கேட்டார்கள். வீடியோவைக் காட்டியதும் பேச்சு மாறியது.

ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். சில இடத்தில் 24 மணி, சில இடத்தில் காலை முதல் இரவு வரை. பேட்டரி குறைந்தது மூன்று வேண்டும். கார்டு மட்டும் சொந்தமாக வாங்குங்கள், வி30 என்று (அது எழுதும் வேகத்தின் குறி) அச்சிட்ட 64 ஜிபி கார்டு. எங்களுக்கு 900 ரூபாய் ஆனது. கடைக்காரர் தரும் கார்டில் போன வாரக் கல்யாணம் இருக்கும், அதை அழித்துவிட்டு நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

7. ஷூட்டிங்: அந்த டியூப்லைட்

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சத்தை வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்தத் துடிப்பு முழுசாக விழுந்து வெளிச்சம் சமமாக இருக்கும். 1/60, 1/125 என்று வைத்தால் படத்தின் குறுக்கே சாம்பல் பட்டைகள் தெரியும், மெல்ல ஊரவும் செய்யும். மலிவான எல்இடி பல்பும் இப்படித்தான் செய்யும்.

கேமரா 1/60-இல் இருந்தது. கடையில் பாயின் தலைக்கு மேலே இரண்டு டியூப்லைட். கேமராவின் மூன்று அங்குலத் திரையில் எதுவும் தெரியவில்லை. இரவு லேப்டாப்பில் போட்டபோது பாதிப் படத்தில் பட்டை ஓடியது. முதல் நாள் இரவே அன்றைய காட்சிகளைப் பார்த்திருந்தால் தப்பித்திருப்போம். நாங்கள் களைத்துப்போய் இரண்டு நாளும் முடிந்த பிறகுதான் பார்த்தோம். மறு ஷூட்டிங்குக்கு கேமரா 1,400, விளக்கு 600, கடைக்கு 1,000, சாப்பாடு 700. அதற்குள் தை பிறந்து முகூர்த்தம் தொடங்கிவிட்டதால் கேமரா கிடைக்க மூன்று வாரம் காத்திருந்தோம்.

ஆகவே: 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, இதை மாற்றவே மாற்றாதீர்கள். வெளிச்சம் கூடினால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) குறையுங்கள், அப்பெர்ச்சரை (லென்ஸின் திறப்பை) சுருக்குங்கள், அதாவது எஃப் எண்ணைக் கூட்டுங்கள். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், ஒரு எண்ணில் பூட்டுங்கள். இல்லாவிட்டால் யாராவது மஞ்சள் சட்டையோடு குறுக்கே போனால் பாயின் சுவர் நீலமாகும். பெரிய தெர்மாகோல் அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கதவு வழியாக வரும் வெளிச்சத்தை அதில் வாங்கி முகத்தில் திருப்பினால், அறுபது ரூபாயில் ஒரு விளக்கு.

இருவர் பேசும் காட்சிக்கு முதலில் மாஸ்டர் ஷாட்டை, அதாவது இருவரும் தெரியும் ஷாட்டை, முழுசாக எடுங்கள். அப்புறம் சஜஷன், அதாவது ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவர் முகம். அப்புறம் க்ளோஸ். இருவருக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு கேமராவை அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதுபோல் ஆகிவிடும். நாங்கள் பாயின் துணி மார்க் செய்யும் சாக்கை வாங்கித் தரையிலேயே கோடு கிழித்துவிட்டோம். அதற்குப் பிறகு லுக்கில், அதாவது நடிகர் பார்க்கும் திசையில், தப்பே வரவில்லை.

கடை கிழக்குப் பார்த்தது, பதினொரு மணிக்கு மேல் உள்ளே வரும் வெயில் மாறிவிடும். அதனால் கதை வரிசையை விட்டுவிட்டு, ஒரு திசையைப் பார்க்கும் ஷாட்டெல்லாம் முதலில், மறு திசை மதியத்துக்கு மேல் என்று எடுத்தோம். எங்கள் தையல்காரராக நடித்தது நண்பனின் மாமா. அவருக்குத் தைக்கத் தெரியாது. ஆகவே கைகளின் க்ளோஸ் எல்லாம் பாயுடையவை. மாமாவின் மோதிரத்தைக் கழற்ற மறந்து அரை மணி நேரம் எடுத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

8. ஒலி

பார்ப்பவர்கள் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், கரகர சத்தத்தைப் பொறுக்க மாட்டார்கள். கேமராவின் மைக்கை நம்பாதீர்கள். 850 ரூபாய்க்கு வயர் உள்ள காலர் மைக் வாங்கி இன்னொரு போனில் செருகி, அந்தப் போனை நடிகரின் பாக்கெட்டில் போட்டோம். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் (ஒரு ஷாட்டை ஒவ்வொரு தடவை எடுப்பதும் ஒரு டேக்) முன்னால் கேமரா பார்க்க ஒரு கைத்தட்டு. எடிட்டில் அந்தத் தட்டை வைத்து ஒலியையும் படத்தையும் பொருத்தலாம். ஒலியின் அளவைக் காட்டும் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் ஆடட்டும். சிவப்பைத் தொட்டால் கிழிந்த குரலைச் சரிசெய்ய வழியே இல்லை.

ஃபேனை நிறுத்துங்கள். தையல் மெஷின் ஓடும்போது வசனம் வைக்காதீர்கள். மெஷின் சத்தத்தை மட்டும் தனியாக இரண்டு நிமிடம் பதிவு செய்து, எடிட்டில் வேண்டிய அளவு அடியில் போடுங்கள். கிளம்பும் முன் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி, கடையின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். வசன வெட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டைகளை அடைக்க அதுதான் உதவும். எவ்வளவு செய்தும் ஷேர் ஆட்டோ ஹாரன் விழுந்த இரண்டு வசனத்தை வீட்டில் கம்பளிப் போர்வைக்குள் உட்காரவைத்து டப்பிங் செய்தோம். கண்டுபிடித்தவர் யாரும் இல்லை.

9. அன்று இரவு

கார்டை அழிக்கும் முன் இரண்டு தனித்தனி இடத்தில் நகல் இருக்க வேண்டும், ஒன்று லேப்டாப், ஒன்று ஹார்ட் டிஸ்க். நகல் எடுத்தால் போதாது, திறந்து ஓடவிட்டுப் பாருங்கள். விநாடிக்கு 50 மெகாபிட் என்ற தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரக் காட்சிக்கு 22.5 ஜிபி ஆகும். அந்தக் கணக்கில் இடம் இருக்கிறதா என்று முன்னாடியே பாருங்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றைய காட்சிகளைப் பெரிய திரையில் பாருங்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன், 3,700 ரூபாய்.

10. எடிட்டிங்: ஆறு வாரம் ஒதுக்குங்கள்

முதல் நாலு நாள் எதையும் வெட்டாதீர்கள். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து எல்லா டேக்கையும் பார்த்து, எந்த டேக்கில் எது நன்றாக இருக்கிறது என்று எழுதுங்கள். அப்புறம் நல்ல டேக்குகளைக் கதை வரிசையில் சும்மா அடுக்குங்கள். எங்கள் முதல் அடுக்கு 13 நிமிடம் வந்தது, பார்க்கவே முடியவில்லை. பயப்படாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்.

பிறகு குறைப்பது. கதவைத் திறப்பது, உட்காருவது, 'வாங்க', 'சரி', 'அப்போ நான் கிளம்புறேன்' எல்லாம் போகும். பேசுகிறவர் முகத்தை மட்டுமே காட்டாமல் கேட்கிறவர் முகத்துக்குப் போங்கள், குரல் முந்தைய ஷாட்டிலிருந்து ஓடட்டும். எங்கள் படத்தில் நன்றாக வந்த ஒரே இடம், பையன் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது மாமா ஊசியில் நூல் கோக்கும் ஷாட்தான். அது அவர் டேக்குக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஓடிய ஐந்து விநாடி. முன்னால் ஐந்து விநாடி சும்மா ஓடவிடச் சொன்னேன் இல்லையா, அது.

இசையை முதலில் போடாதீர்கள், மோசமான வெட்டையெல்லாம் மறைத்துவிடும். வெட்டு முடிந்து படம் பூட்டப்பட்ட பிறகுதான் ஒலி, அதற்குப் பிறகு வண்ணம். வண்ணத்தில் முதல் படத்துக்கு ஷாட்டுக்கு ஷாட் ஒரே மாதிரி இருந்தால் போதும், ஆரஞ்சும் நீலமுமாகக் குழைக்க வேண்டாம்.

கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் பின்னால் நின்று அவரைப் பாருங்கள், படத்தைப் பார்க்காதீர்கள். எங்கள் அத்தை நாலாவது நிமிடத்தில் குக்கரைப் பார்க்க எழுந்து போனார். விசில் வரவே இல்லை. அந்த இடத்தில் 40 விநாடி வெட்டினோம்.

11. வெளியே அனுப்புவது

சினிமாப் பாட்டைத் தொடாதீர்கள், கடையின் ரேடியோவில் பின்னணியாக ஓடினால்கூட யூடியூப் பிடித்துவிடும். யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை கிடைக்கும். சிலவற்றுக்கு நன்றி போட வேண்டும், நிபந்தனையைப் படித்துப் போடுங்கள். விழாவுக்கு அனுப்புவதென்றால் ஆங்கில சப்டைட்டில் தனிக் கோப்பாக வேண்டும், நீங்களே தட்டச்சு செய்யலாம். விழாக்களுக்குப் படம் அனுப்பும் இணையதளமான ஃபிலிம்ஃப்ரீவேயில் பதிவு செய்தால் மாதத்துக்கு ஒரு விழா நடத்தி, டாலரில் கட்டணம் வாங்கிக்கொண்டு, இலைப் படம் போட்ட சான்றிதழை மின்னஞ்சலில் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். உண்மையான அரங்கில் திரையிடுகிறார்களா என்று பார்க்காமல் காசு கட்டாதீர்கள். கல்லூரிப் போட்டிகளும் திரைப்படச் சங்கங்களும் பெரும்பாலும் இலவசம், அல்லது நூறு இருநூறு ரூபாயில் முடியும்.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. யாருடைய தொழிலைப் படமாக எடுத்தீர்களோ அவரிடம் காட்டுங்கள். நாங்கள் எல்லாம் முடித்து, ஏற்றுமதி செய்து, ஒரு விழாவுக்கும் அனுப்பிவிட்டுத்தான் பாய் கடைக்குப் போனோம். மெஷின் மேல் லேப்டாப்பை வைத்து முழுசாகப் பார்த்தார். தன் கைகள் வரும்போது மட்டும் கொஞ்சம் குனிந்தார். முடிந்ததும், "நல்லாத்தான் கீது தம்பி. ஆனா குறி போடாம எவன் துணிய வெட்டுவான்?" என்றார்.

சாக்கால் கோடு போடும் ஷாட்டை நீளம் குறைக்கத் தூக்கியிருந்தோம். அளவெடுப்பதிலிருந்து நேராகக் கத்தரிக்கோலுக்கு வெட்டியிருந்தோம். எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அன்று இரவு அந்த ஷாட்டைத் தேடி எடுத்து நான்கு விநாடி வைத்தோம், இசையை நான்கு விநாடி தள்ளினோம், மறுபடி ஏற்றுமதி. படம் இப்போது 7 நிமிடம் 4 விநாடி.